நல்ல பேப்பர், நேர் மடிப்பு: வாழ்த்து அட்டைக்கும் குட்டி ஆல்பத்துக்கும் அக்காவின் டிப்ஸ்

வாழ்த்து அட்டை செய்யலாம்னு ஆசைப்பட்டு கடைக்குப் போனா, கை முதல்ல போறது ஸ்டிக்கர், சம்கி, கிளிட்டர் பக்கம்தான். பேப்பர் கடைசியில், எது கிடைக்குதோ அது. தங்கச்சிகளா, தம்பிகளா, அக்கா சொல்றேன், இந்த வரிசையைத் தலைகீழா மாத்துங்க. நல்ல பேப்பர், நேரான மடிப்பு, சுத்தமான ஒட்டு, இந்த மூணும் சரியா அமைஞ்சிட்டா அதுக்கு மேல ஒரு பூ இருந்தாலே போதும். மூணும் சரியில்லைன்னா எத்தனை சம்கி ஒட்டினாலும் கார்டு நிமிர்ந்து நிற்காது.

பேப்பர் எடுக்கும்போது

ரெண்டு வகை பேப்பர் வேணும். கார்டுக்கு உடம்பா நிற்க கெட்டியானது ஒண்ணு, மேலே அழகுக்கு மெல்லிசா டிசைன் பேப்பர் ஒண்ணு. கடையில் "எத்தனை ஜிஎஸ்எம்?"னு கேளுங்க. ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம் எடைங்கிற கணக்கு அது. ஜெராக்ஸ் பேப்பர் 70, 80 ஜிஎஸ்எம். கார்டுக்கு 220லிருந்து 250 வரை சரியா இருக்கும். 300க்கு மேல போனா வீட்டில் மடிக்கிறது கஷ்டம். மேலே ஒட்டுற டிசைன் பேப்பருக்கு 80லிருந்து 120 போதும்.

கொஞ்சம் செலவு பண்ணலாம்னா கையால் செய்த பேப்பர் வாங்குங்க. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தோட பேப்பர் கூடம் 1959லிருந்து நடக்குது. ஜெய்ப்பூர் பக்கத்தில் சாங்கானேரில் காக்ஸி குடும்பங்கள் பரம்பரையா இதே தொழிலில் இருக்காங்க. மரக்கூழுக்குப் பதிலா பருத்தித் துணிக் கழிவை அரைச்சுச் செய்யிறதால அந்தப் பேப்பர் சீக்கிரம் பழுக்காது, கிழியாது. பூ இதழ் பதிச்சது, தண்ணியில் வண்ணத்தை மிதக்கவிட்டு எடுத்த மார்பிள் பேப்பர்னு எத்தனையோ தினுசு இருக்கு. அந்த மாதிரி பேப்பர் மேல வேற அலங்காரம் எதுவும் ஏத்தாதீங்க. அதுவே அலங்காரம்.

சென்னையில் இருக்கிறவங்களுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு இருக்கு. பேப்பர், கல்யாணப் பத்திரிகை, கவர் எல்லாம் ஒரே தெருவில் பார்த்துடலாம். வேற ஊர்க்காரங்க பத்திரிகை அச்சடிக்கிற இடத்தில் வெட்டி மிஞ்சின துண்டுகளைக் கேட்டுப் பாருங்க. நல்ல கெட்டி அட்டையே குறைஞ்ச விலைக்குக் கிடைக்கும்.

வீட்டிலேயும் ஒரு கடை இருக்கு. பீரோ மேல அடுக்கி வச்சிருக்கிற பழைய கல்யாணப் பத்திரிகைகள்! தங்க பார்டர், வெல்வெட் பேப்பர், எம்போஸ் பண்ணின பிள்ளையார். சாமி படம் இருக்கேன்னு தூக்கிப் போட மனசு வராம வச்சிருப்போம். அதை அளவா வெட்டி ஒரு வாழ்த்து அட்டையின் நடுவில் வச்சா, அதுக்கான மரியாதையும் கிடைக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

ஸ்டீல் ஸ்கேல், கட்டர், பென்சில், கத்தரிக்கோல், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா. இவ்வளவுதான். பிளாஸ்டிக் ஸ்கேலை வச்சு கட்டரை இழுத்தா ஓரம் சீவிக்கிட்டுப் போகும், கோடு கோணும், கையிலும் படும். கட்டரை ஒரே அழுத்தில் இழுக்காம மூணு நாலு தடவை லேசா இழுங்க. முனை மழுங்கினா ஒரு கண்ணி உடைச்சு விடுங்க. மழுங்கின பிளேடுதான் பேப்பரைப் பிய்க்கும். சின்னப் பிள்ளைங்க கூட உட்கார்ந்தா கட்டர் உங்க கையிலேயே இருக்கட்டும், அவங்களுக்கு மழுங்கின முனைக் கத்தரிக்கோல்.

மடிப்பில்தான் எல்லாம்

மெஷினில் செய்த பேப்பருக்கு ஒரு ஓட்டம் உண்டு. இழைகள் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்த ஓட்டத்தோட மடிச்சா மடிப்பு வழுவழுன்னு விழும். குறுக்கே மடிச்சா விளிம்பு வெடிச்சு உள்ளே இருக்கிற வெள்ளை தெரியும். கண்டுபிடிக்கிறது சுலபம். பேப்பரை மடிக்காம லேசா வளைச்சுப் பாருங்க, முதல்ல நீளவாக்கில், அப்புறம் அகலவாக்கில். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாம வளையுதோ அந்த வாக்கில்தான் மடிக்கணும். கையால் செய்த பேப்பரில் இழைகள் எல்லாத் திசையிலும் கிடக்கும், அதுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

பெரும்பாலான ஏ4 அட்டையில் ஓட்டம் நீளவாக்கில்தான் இருக்கும். அதனால் ஏ4 அட்டையை அப்படியே ரெண்டா மடிச்சுப் பெரிய கார்டு செய்தா மடிப்பு வெடிக்கும். அதுக்குப் பதிலா முதல்ல ரெண்டா வெட்டிடுங்க. 21 செ.மீ.க்கு 14.8 செ.மீ. அளவில் ரெண்டு துண்டு வரும். ஒவ்வொண்ணையும் 10.5 செ.மீ.இல் மடிச்சா ஓட்டத்தோட மடியும். ஒரு ஏ4இல் ரெண்டு கார்டு, மடிப்பும் கச்சிதம்.

மடிக்கிறதுக்கு முன்னாடி கோடு அழுத்தணும். ஸ்கேலை வச்சு, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுங்க. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மேடு விழும். பள்ளத்துக்குள்ளேதானே மடிக்கணும்னு தோணும். அப்படி இல்ல. மேடு உள்பக்கம் வர்ற மாதிரி மடிங்க, இழைகள் இழுபடாது. கடைசியா ஒரு ஸ்பூனின் முதுகால் மடிப்பைத் தேய்ச்சு விடுங்க. இடையில் ஒரு வெள்ளைத் தாள் வச்சுத் தேய்ச்சா பேப்பரில் பளபளப்புக் கறை விழாது.

எதுக்கு எந்தப் பசை

ஒட்டின பிறகு பேப்பர் சுருங்கி அலை அலையா நிற்கக் காரணம் பசையில் இருக்கிற தண்ணி. இழை தண்ணியைக் குடிச்சு உப்பும். அதனால் மெல்லிசு பேப்பருக்கு ஃபெவிகால் வேண்டாம், குளூ ஸ்டிக் போதும். பளபளக்கிற கோல்டு பேப்பர், லேமினேட் பண்ணின பேப்பர் இதில் குளூ ஸ்டிக் பிடிக்காது, ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் போடுங்க. மணி, குந்தன் கல், ரிப்பன் முடிச்சுக்கு மட்டும் ஃபெவிகால், அதுவும் பல்குத்தும் குச்சி முனையில் ஒரு பொட்டு. ஒட்டினதும் மேலே பட்டர் பேப்பர் போட்டு, நாலு கனமான புத்தகத்தை ஏத்தி ராத்திரி முழுக்க விடுங்க.

மைதாப் பசையைத் தவிர்த்திடுங்க. ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. செல்லோடேப் நாளாக ஆக மஞ்சளாகி, உரிஞ்சு, கறையை மட்டும் விட்டுட்டுப் போகும்.

ஒரு பொங்கல் கார்டு

பொங்கல் நெருங்கினா கடை வாசலில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்ட காலம் ஒண்ணு இருந்தது. உழவர், மாடு, கோலம், சினிமா நட்சத்திரம்னு எல்லாம் வரும். இப்போ போனில் வர்ற ஒரே படம் எல்லா வீட்டுக்கும் போகுது. ஒரு அத்தைக்கோ தாத்தாவுக்கோ கையால் செய்த ஒண்ணு போனா, அந்த வருஷம் முழுக்க ஷோகேஸில் நிற்கும்.

மண் நிறக் கெட்டி அட்டையை மேலே சொன்ன மாதிரி மடிச்சு, நிமிர்ந்து நிற்கிற மாதிரி வச்சுக்குங்க. கருஞ்சிவப்புப் பேப்பரில் 1 செ.மீ. அகலத்துக்கு ரெண்டு பட்டை வெட்டி, சீரா இடைவெளி விட்டுப் பேனாவால் கணுக் கோடு போட்டா கரும்பு. பச்சை டிஷ்யூ பேப்பரை நீளமா மடிச்சு நுனியைக் கூரா வெட்டினா தோகை. பழைய பத்திரிகையின் தங்க நிறத்தில் பானை, கழுத்தில் மஞ்சள் நூல்.

பொங்கி வழியிற பாலைக் கத்தரிக்கோலால் வெட்டாதீங்க. கையால் செய்த வெள்ளைப் பேப்பரில், வழியிற வடிவத்தை நனைஞ்ச பிரஷ்ஷால் வரையுங்க. அரை நிமிஷம் ஊறவிட்டு அந்த ஈரக்கோட்டிலேயே மெல்லப் பிரிச்சுக் கிழிங்க. ஓரத்தில் பஞ்சு மாதிரி இழை நிற்கும். பானை வாயில் அதை ஒட்டினா நுரை அப்படியே பொங்கி நிற்கிற மாதிரி இருக்கும்.

உள்ளே திறந்தா படம் எழும்பணுமா? அதுக்குத் தனியா ஒரு தாளை கார்டு அளவுக்கு வெட்டி மடிங்க. மடிப்பின் நடுவில், 2 செ.மீ. இடைவெளி விட்டு ரெண்டு கோடு, ஒவ்வொண்ணும் 3 செ.மீ. நீளத்துக்கு உள்ளே வெட்டுங்க. விரித்து, நடுத்துண்டை முன்னால் தள்ளினா சின்னப் படிக்கட்டு மாதிரி நிற்கும். அதன் முகப்பில் படத்தை ஒட்டுங்க. வெட்டின நீளமும் படத்தின் உயரமும் சேர்ந்து 10.5 செ.மீ.யைத் தாண்டக் கூடாது, தாண்டினா மூடும்போது படம் வெளியே எட்டிப் பார்க்கும். இங்கே 3 செ.மீ. வெட்டியிருக்கோம், அதனால் படம் 7 செ.மீ.க்குள் இருக்கட்டும். அப்புறம் இந்தத் தாளை கார்டுக்குள் ஒட்டுங்க, எழும்புற துண்டின் பின்னால் மட்டும் பசை படக் கூடாது.

ஒரே தாளில் குட்டி ஆல்பம்

பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம், பேர் வைக்கிற விழா எதுக்கும் பொருந்தும் பரிசு இது. 12 அங்குலச் சதுர ஸ்கிராப்புக் பேப்பர் கெட்டியானதா ஒண்ணு வாங்குங்க. 4 அங்குல அகலத்தில் மூணு பட்டையா வெட்டுங்க. ஒவ்வொரு பட்டையையும் 3 அங்குலத்துக்கு ஒரு மடிப்பா, விசிறி மாதிரி முன்னும் பின்னும் மடிங்க. மடிப்பு 4 அங்குலப் பக்கத்துக்கு இணையா வரும், பேப்பரின் ஓட்டமும் அப்படியே இருக்கிற மாதிரி பார்த்து வெட்டுங்க.

ஒரு பட்டைக்கு 4 பக்கம். முதல் பட்டையின் கடைசிப் பக்கத்து மேல அடுத்த பட்டையின் முதல் பக்கத்தை ஒட்டிச் சேருங்க. அப்படி ரெண்டு இடத்தில் சேர்த்தா மொத்தம் 10 பக்கம் வரும். எண்ணிக்கை இரட்டைப்படையா இருக்கணும், அப்போதான் முதல் பக்கத்தின் முதுகும் கடைசிப் பக்கத்தின் முதுகும் வெளியே வந்து ரெண்டு அட்டையும் சரியா உட்காரும்.

அட்டைக்கு நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையோ, பைண்டிங் கடையில் கிடைக்கிற கெட்டி அட்டையோ எடுங்க. மூன்றேகால் அங்குலத்துக்கு நாலேகால் அங்குலம், ரெண்டு துண்டு. டிசைன் பேப்பரை நாலு பக்கமும் முக்கால் அங்குலம் கூடுதலா விட்டு வெட்டி அட்டையை அதன் நடுவில் ஒட்டுங்க. மூலைகளைச் சாய்வா வெட்டும்போது அட்டை முனையை ஒட்டி வெட்டாம 3 மி.மீ. தள்ளி வெட்டுங்க. முனை வெளியே தெரியாம மூடிக்க அந்த இடைவெளி வேணும். ஓரங்களை மடிச்சு ஒட்டினதும், பின்னட்டையின் உள்பக்கம் சாட்டின் ரிப்பனைக் குறுக்கே வச்சு, அது மேல ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தை ஒட்டுங்க. முன்னட்டையை முதல் பக்கத்தின் முதுகில் ஒட்டுங்க. மூடி ரிப்பனைக் கட்டினா ஆல்பம் தயார்.

போட்டோவுக்கு ஒரு சிக்கன வழி. 4க்கு 6 அங்குலப் பிரிண்டில் 2க்கு 3 அங்குல அளவில் நாலு படம் அடங்கும். ஸ்டூடியோவில் "நாலு படத்தை ஒரே பிரிண்டில் போட்டுக் கொடுங்க"னு சொல்லுங்க, மூணு பிரிண்டில் ஆல்பம் நிறைஞ்சு ரெண்டு படம் மிஞ்சும். ஒவ்வொரு பக்கத்திலும் சுத்தி அரை அங்குலம் பேப்பர் டிசைன் தெரியும்.

போட்டோவின் முதுகு முழுக்கப் பசை தடவாதீங்க. பேப்பரில் சின்ன முக்கோண மூலைகள் மடிச்சு, அதை மட்டும் பக்கத்தில் ஒட்டி, போட்டோவைச் செருகுங்க. எப்போ வேணும்னாலும் எடுத்து மாத்தலாம். பாட்டியோட கறுப்பு வெள்ளைப் படம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னா அதை ஆல்பத்தில் வைக்காதீங்க. ஸ்கேன் பண்ணி, பிரதியை வையுங்க. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பேர், ஊர், வருஷம் எழுதுங்க. இப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச முகம், பேரப் பிள்ளைகளுக்கு யாருன்னு தெரியாமப் போயிடும்.

எழுதுறதும் அனுப்புறதும்

கையால் செய்த பேப்பரில் ஜெல் பேனா மை பரவும். ஒரு துண்டில் எழுதிப் பார்த்துட்டு எழுதுங்க. பரவினா, வழுவழு வெள்ளைத் தாளில் எழுதி அதை உள்ளே ஒட்டிடுங்க. கவரை முதல்ல வாங்கி, அதுக்கேத்த மாதிரி கார்டை வெட்டுங்க. கார்டு செய்த பிறகு கவர் தேடினா அலைச்சல்தான். இந்த அளவுக் கார்டுக்கு 11.4க்கு 16.2 செ.மீ. கவர் சரியா இருக்கும். 250 ஜிஎஸ்எம் அட்டையில் செய்த கார்டு ஏறக்குறைய 8 கிராம்தான் எடை. கல்லும் மணியும் ஏறினா எடை கூடும், கவரும் புடைச்சுக் கிழியும். தபாலில் போகிற கார்டைத் தட்டையாவே செய்யுங்க. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னாடியே தபாலில் சேர்த்திடுங்க.

உள்ளே அச்சு வாசகம் மாதிரி எழுதாதீங்க. "வாழ்க வளமுடன்" எழுதுங்க, கூடவே அவங்களுக்கு மட்டும் பொருந்துற ஒரு வரியும் எழுதுங்க. "அத்தை, நீங்க கத்துக்கொடுத்த புள்ளிக்கோலத்தை இந்த வருஷமும் நம்ம வாசலில் போட்டேன்." அந்த ஒரு வரியைக் கடையில் வாங்க முடியாது.

இனி கடைக்குப் போகிறதுக்கு முன்னாடி, கார்டு யாருக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அவங்களுக்குப் பிடிச்ச நிறம் எது, அவங்க கிட்ட சொல்ல வேண்டியது என்னன்னு யோசிங்க. அது தெரிஞ்சிட்டா எந்தப் பேப்பரை எடுக்கணும்னு உங்களுக்கே தெரியும்.