சில கதிரைகளும் ஒரு கல்லூரி மேடையும்

தமிழ் மொழித்தினப் போட்டிக்கு நாடகம் தயாரிக்கத் தொடங்கும் ஒவ்வொரு வருடமும் என் மாணவிகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர். "டீச்சர், சாமான் ஒண்டும் இல்லாம எப்படி நாடகம் போடுற?" அதன் பிறகு ஒரு பட்டியல் தயாராகும். ரெஜிபோம், வெள்ளித்தாள், வாடகை உடுப்பு, பெரிய திரை என்று அது நீண்டுகொண்டே போகும். கதை என்ன, யாருடைய கதை என்ற கேள்விகள் கடைசியில்தான் வரும். சில வருடங்களில் வராமலே போய்விடும்.

அந்தக் கேள்விக்கு நான் கண்டடைந்த பதில் ஒன்றை இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். கனடாவிலுள்ள ஒரு கல்லூரி மாணவர்களின் மேடையில் தொடங்கி, உலகின் பெரிய அரங்குகள் வரை சென்ற ஒரு நாடகமே அப்பதில். 'கம் ஃப்ரொம் அவே' என்பது அதன் பெயர். 'வெளியே இருந்து வந்தவர்' என்று சொல்லலாம். கனடாவின் கிழக்கு ஓரத்திலுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவில், அங்கே பிறக்காத எவரையும் மக்கள் அப்படித்தான் குறிப்பிடுவர்.

ஒரு சொல் விளக்கம்

எமது நாடகமும் அரங்கியலும் பாடத்தில் 'இசை நாடகம்' என்றதும் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம் போன்ற மரபே நினைவுக்கு வரும். நான் இங்கே பேசுவது மேலைநாட்டார் 'மியூசிக்கல்' என்று அழைக்கும் வடிவத்தை. அதில் வசனமும் பாட்டும் அசைவும் சேர்ந்து ஒரே கதையை நகர்த்தும். பாத்திரம் பேசிப் பேசி, பேச்சால் இனிச் சொல்ல முடியாது என்ற நிலைக்கு வரும்போது பாட்டு பிறக்கும். நல்ல மியூசிக்கலில் ஒரு பாட்டை எடுத்துவிட்டால் கதையில் ஓர் ஓட்டை விழும். அலங்காரத்துக்காகச் சேர்த்த பாட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

கேண்டரில் நடந்தது

2001 செப்டெம்பர் 11 அன்று நியூயோர்க்கிலும் வொஷிங்டனிலும் தாக்குதல்கள் நடந்தவுடன் அமெரிக்கா தன் வான்பரப்பை மூடியது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேல் பறந்துகொண்டிருந்த விமானங்களுக்கு இறங்க இடம் வேண்டியிருந்தது. அவற்றில் 38 விமானங்கள் நியூபவுண்ட்லாந்திலுள்ள கேண்டர் என்னும் சிற்றூரில் இறக்கப்பட்டன.

பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு அவ்வளவு பெரிய விமான நிலையம் எப்படி வந்தது? 1938இல் திறக்கப்பட்ட அந்த நிலையம், சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்பும் இடமாக இருந்தது. பின்னர் நெடுந்தூரம் பறக்கும் ஜெட் விமானங்கள் வந்தன. அவற்றுக்கு இடையில் இறங்கத் தேவையிருக்கவில்லை. ஊரின் பெருமை குறைந்தாலும் நீண்ட ஓடுபாதைகள் அப்படியே இருந்தன. அன்று அவை பயன்பட்டன.

ஏறக்குறைய 7000 பேர் வந்து இறங்கினர். சிலர் ஒரு முழு நாளுக்கும் மேலாக விமானத்துக்குள்ளேயே காத்திருக்க நேர்ந்தது. வேலைநிறுத்தத்தில் இருந்த பாடசாலை பஸ் சாரதிகள் அதைக் கைவிட்டு வந்து பயணிகளை ஏற்றினர். பாடசாலைகளும் தேவாலயங்களும் மண்டபங்களும் தங்குமிடங்களாயின. பனிச்சறுக்கு ஹொக்கி மைதானம் உணவு வைக்கும் குளிர் அறையானது. மருந்துகளை விமானப் பொதிகளிலேயே விட்டுவந்த பயணிகளுக்கு ஊர் மருந்தகங்கள் மருந்து கொடுத்தன. ஐந்து நாட்கள் இப்படியே கழிந்தன.

மாணவர்களிடம் வளர்ந்த பிரதி

ஒன்டாரியோ மாகாணத்தின் ஓக்வில் நகரில் ஷெரிடன் கல்லூரி இருக்கின்றது. அங்கே பொறுப்பிலிருந்த மைக்கல் ரூபினொஃப் சட்டம் படித்தவர். நாடகத் தயாரிப்பாளராகவும் ஆனவர். கேண்டரின் கதை நாடகமாக வேண்டும் என்ற எண்ணம் அவருடையது. எழுத்தாளர் சிலரிடம் கேட்டார், அவர்கள் முன்வரவில்லை. இறுதியில் ஐரீன் சான்கோஃப், டேவிட் ஹெயின் என்னும் கணவனும் மனைவியும் ஒப்புக்கொண்டனர். தாக்குதல் நடந்த அன்று அவ்விருவரும் நியூயோர்க்கில், பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து வாழும் ஒரு விடுதியில் இருந்தவர்கள்.

அவர்கள் முதலில் எழுத உட்காரவில்லை, கேட்கப் போனார்கள். 2011 செப்டெம்பரில், பத்தாவது ஆண்டு நினைவுக்காகப் பழைய பயணிகள் பலர் கேண்டருக்குத் திரும்பி வந்தபோது இவர்களும் அங்கே சென்று வாரக்கணக்கில் தங்கினர். ஊராரிடமும் பயணிகளிடமும் பேசிப் பேசிப் பதிவு செய்தனர். அந்தப் பேச்சுகளிலிருந்தே பாத்திரங்களும் பாட்டுகளும் உருவாகின. சில பாத்திரங்கள் ஒருவரையே அடிப்படையாகக் கொண்டவை. சில, பலரின் அனுபவங்களை ஒன்றாகச் சேர்த்தவை.

2011இல் ஷெரிடனில் ரூபினொஃப் தொடங்கிய புதிய இசை நாடகங்களுக்கான திட்டத்தில் இப்பிரதி சேர்க்கப்பட்டது. 2012இல் மாணவர்கள் அதன் 45 நிமிடப் பகுதியொன்றை மேடையில் ஆற்றினர். அப்போது நாடகம் முடிந்திருக்கவில்லை. மிகுதியையும் எழுதும்படி கல்லூரி ஊக்கமளித்தது. 2013இல் அதே கல்லூரியில் முழு நாடகமும் மேடையேறியது.

இங்கேதான் மாணவிகள் கவனிக்க வேண்டும். முடிந்துபோன ஒரு பிரதியை மனனம் செய்து ஒப்புவிப்பது ஒரு வகை வேலை. முடியாத ஒரு பிரதியை எழுந்து நின்று பேசிப் பார்ப்பது இன்னொரு வகை. ஒரு வசனம் வாயில் தடக்குகின்றதா, ஒரு பாட்டின் சுருதி குரலுக்கு எட்டுகின்றதா, ஒரு நகைச்சுவை சிரிப்பை வரவழைக்கின்றதா என்பது மேசையில் இருந்து எழுதும்போது தெரியாது. உடம்பும் குரலும் உள்ள நடிகரே அதைக் காட்டிக்கொடுப்பார். ஆகவே புதிய நாடகமொன்றில் மாணவ நடிகர் நகல் எடுப்பவர் அல்லர், பரிசோதிப்பவர்.

பின்னர் அந்நாடகம் 2015இல் கலிபோர்னியாவின் லா ஹோயா அரங்கில் தொழில்முறையாக மேடையேறியது. 2016இல் கேண்டர் மக்களுக்கு முன்னாலேயே அவர்களது கதை பாடப்பட்டது. 2017 மார்ச் 12 அன்று நியூயோர்க்கின் ப்ரோட்வேயில் தொடங்கி 2022 ஒக்டோபர் வரை 1600 தடவைகளுக்கும் மேல் நடந்தது. நெறியாள்கைக்காக கிறிஸ்தோபர் அஷ்லி டோனி விருது பெற்றார். இவ்வளவு தூரம் வந்த பிறகும், நாடகத்தின் பெயர்க் குறிப்புகளில் ஷெரிடன் கல்லூரியின் பெயர் இடம்பெறுகின்றது.

மாணவர் மேடை புதியதைப் பிறப்பிப்பது எமக்கும் அந்நியமான விடயமன்று. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடையேற்றியதை நாம் பாடத்தில் படிக்கின்றோம். அதுவும் ஒரு பல்கலைக்கழக மேடையில் நடந்த பரிசோதனையே.

கதிரை விமானமாகும் விதம்

ஷெரிடன் ஆற்றுகையை நான் பார்த்ததில்லை. 2021இல் வெளியான ப்ரோட்வே ஒளிப்பதிவையே பார்த்தேன். என் மாணவிகளின் கேள்வி உடனே நினைவுக்கு வந்தது. மேடையில் இருந்தவை சில மரங்கள், ஓரிரு மேசைகள், ஒன்றுக்கொன்று பொருந்தாத மரக்கதிரைகள். அவ்வளவுதான்.

கதிரைகளை இருவர் இருவராக வரிசையில் போட்டால் விமானம். சற்றுத் திருப்பினால் பஸ். வட்டமாக்கினால் தேநீர்க் கூடம். பன்னிரண்டு நடிகர்கள்தாம் முழு ஊரும், முழு விமானமும். ஒரு நடிகை ஜக்கெட்டைக் கழற்றினால் ஊர்ப்பெண். போட்டால் விமானப் பயணி. அவர்களே பார்வையாளரைப் பார்த்துக் கதையை எடுத்துரைக்கின்றனர். கூத்தின் எடுத்துரைஞரை அறிந்த எமக்கு இது புதுமையாகப் படாது. இடைவேளை இல்லாமல் ஏறக்குறைய 100 நிமிடங்கள் நாடகம் ஓடுகின்றது. திரை விழுந்து காட்சி மாறக் காத்திருக்கும் நேரம் எங்குமே இல்லை.

மனதில் நின்ற ஒரு காட்சி. இரவில் ஆபிரிக்கப் பயணிகள் சிலர் பஸ்ஸில் இருந்து இறங்க மறுக்கின்றனர். வெளியே சீருடையில் நிற்பவர்கள் தர்மத்தொண்டர்கள். பயணிகளோ அவர்களைப் படையினர் என்று எண்ணி அஞ்சுகின்றனர். ஆங்கிலம் அவர்களுக்குத் தெரியாது. ஒருவரின் கையில் வேதாகமம் இருப்பதைச் சாரதி காண்கின்றார். எந்த மொழியில் அச்சிட்டாலும் அதிகார எண்ணும் வசன எண்ணும் மாறாது அல்லவா? அஞ்ச வேண்டாம் என்ற பொருளுள்ள ஒரு வசனத்தின் எண்ணை அவர் விரலால் காட்டுகின்றார். மொழி இல்லாத இடத்தில் ஓர் இலக்கம் பேசிவிடுகின்றது. இதற்கு என்ன சாமான் வேண்டும்? ஒரு புத்தகமும் ஒரு விரலும் போதும்.

அலி என்னும் பயணி

நல்ல மனிதர்கள் நன்மை செய்த கதை என்று மட்டும் இருந்திருந்தால் இந்நாடகத்தை நான் மறந்திருப்பேன். அதில் அலி என்று எகிப்தியப் பயணி ஒருவர் வருகின்றார். அவர் தொலைபேசியில் தன் மொழியில் பேசுவதைக் கேட்டுச் சக பயணிகள் விலகுகின்றனர். சமையலில் உதவட்டுமா என்று கேட்கின்றார், வேண்டாம் என்கின்றனர். உண்மையில் அவர் பெரிய ஹோட்டல்களின் தலைமைச் சமையற்காரர். தெரிந்த பிறகுதான் சமையலறைக்குள் இடம் கிடைக்கின்றது. புறப்படும் வேளையில் மற்றவர்களுக்கு நேராத ஓர் அவமானம் அவருக்கு நேர்கின்றது. உடைகளைக் களைய வைத்துச் சோதிக்கின்றனர். பெண் விமானி ஒருவர் அதைப் பார்த்து மனம் வருந்துகின்றார்.

ப்ரோட்வே ஆற்றுகையில் அலியாக நடித்தவரே இன்னோர் அமெரிக்கப் பயணியாகவும் நடித்தார். அதே முகம், அதே கைகள். உடுப்பிலும் குரலிலும் ஒரு சிறு மாற்றம் மட்டும்தான். ஒரு நிமிடத்தில் எல்லோரும் அருகில் இருத்திப் பேசும் மனிதன், அடுத்த நிமிடத்தில் எல்லோரும் அஞ்சும் மனிதனாகின்றான். மனிதன் மாறவில்லை, பார்க்கும் கண்கள் மாறின. ஒரே நடிகர் பல பாத்திரம் ஏற்பது ஆட்பற்றாக்குறைக்கான உபாயம் என்று இதுவரை நான் கற்பித்து வந்தேன். அதுவே ஒரு கருத்தாக முடியும் என்பதை அன்றுதான் படித்தேன்.

என் உம்மாவும் பக்கத்தில் இருந்தார். ஆங்கிலம் அவருக்குப் பிடிபடாது. அலியைச் சோதிக்கும் காட்சி வந்ததும், "அந்தப் புள்ள என்ன செஞ்ச?" என்று கேட்டார். "ஒண்டும் செய்யல்ல உம்மா" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. 2019 ஏப்ரல் 21 அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் அப்பாவிகள் கொல்லப்பட்ட துயரத்தில் எல்லோரையும் போல நாமும் அழுதோம். அதன் பிறகு வந்த வாரங்களில், ஒரு வாசலில், முன்னால் சென்றவர்களை விட்டுவிட்டு எங்கள் இருவரின் பைகளை மட்டும் மேசையில் கொட்டிப் பார்த்தார்கள். உம்மாவின் தஸ்பீஹ் மணி உருண்டு தரையில் விழுந்தது. வரிசையில் எமக்குப் பின்னால் நின்ற, எமக்கு அறிமுகமில்லாத சிங்களப் பெண் ஒருவர் குனிந்து அதை எடுத்து, துடைத்து, உம்மாவின் கையில் கொடுத்தார். அந்த இரண்டையுமே நான் மறக்கவில்லை.

'கம் ஃப்ரொம் அவே' அந்த இரண்டையும் சேர்த்தே சொல்கின்றது. அதனால்தான் அது காட்டும் நன்மையை நம்ப முடிகின்றது. அலிக்கு இன்னும் கூடுதலான நேரம் கொடுத்திருக்கலாம் என்பது என் குறை. ஆனால் அவரை விட்டுவிட்டு ஊரின் பெருமையை மட்டும் பாடியிருந்தால் அது நாடகமாக இராது. நன்றி நவிலல் உரையாகவே இருந்திருக்கும்.

மாணவிகளுக்கு ஒரு பயிற்சி

பெற்றோர் சிலர், மியூசிக்கல் எமது பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வடிவத்தை அப்படியே எடுக்க நான் சொல்லவில்லை. முறையை எடுப்போம். பாட்டு வேண்டிய இடத்தில் எமது கிராமத்து நாட்டார் கவி இருக்கின்றது. பேச்சுக்கு எமது வீட்டு மொழி இருக்கின்றது.

இந்த விடுமுறையில் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் ஒரு மணித்தியாலம் உட்காருங்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தவர்களையும், அவர்களுக்கு வளவில் இடம் கொடுத்தவர்களையும் அறிந்தவர்கள் இருக்கலாம். 2004 சுனாமியின் இரவில் பள்ளிவாசலிலோ கோயிலிலோ பாடசாலையிலோ படுத்தவர்கள் இருக்கலாம். அவர்களிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். யார் கதவைத் திறந்தார்? யார் மூடினார்? அன்று என்ன சாப்பிட்டீர்கள்? குறுக்கே பேசாதீர்கள். அவர்களின் சொற்களைத் திருத்தாமல், சொன்னபடியே எழுதுங்கள். மேடையில் பேசுவதற்கு அவர்களின் அனுமதியையும் கேளுங்கள்.

அடுத்த தவணையில் அந்தக் கொப்பிகளோடு மண்டபத்துக்கு வாருங்கள். வகுப்பறையிலிருந்து கதிரைகளை நான் தூக்கி வைக்கின்றேன். பட்டியல் எதுவும் தேவைப்படாது, இன்ஷா அல்லாஹ்.