வீடு தேடி வந்த மேடை

மேடைக்கலை ஓர் இரவின் கலை. திரை விழுந்ததும் அன்றைய ஆட்டம் மறைந்துவிடும். அதனை நிலைபெறச் செய்வது ஒளிப்பதிவு.

நியூயார்க் நகரின் பிராட்வே அரங்குகள் இசை நாடகங்களுக்குப் புகழ்பெற்றவை. அங்கு 2015ஆம் ஆண்டு மேடையேறிய 'ஹாமில்டன்', அமெரிக்கக் கருவூலத்துறையின் முதல் தலைவரது வாழ்க்கையைக் கூறுவது. லின் மானுவல் மிராண்டா அதன் பாடல்களை இயற்றி இசையமைத்ததோடு, தலைமைப் பாத்திரத்தையும் ஏற்றார். நுழைவுச்சீட்டு கிடைப்பது அரிதாயிற்று. விலையோ எளியோருக்கு எட்டாததாயிற்று.

2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்நாடகம் பார்வையாளர் நிறைந்த அரங்கில் படமாக்கப்பட்டது. சில பாடல்களின் அண்மைக் காட்சிகள், பார்வையாளர் இல்லாத வேளையில் அதே மேடையில் எடுக்கப்பட்டன. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பிராட்வே அரங்குகள் மூடப்பட்டன. மறு ஆண்டு திரையரங்குகளில் வெளியிடக் கருதியிருந்த அப்படம், 2020 ஜூலை 3 அன்றே இணையவழியாக இல்லங்களை அடைந்தது.

அரங்கில் எதனை நோக்குவது என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்வர்; படத்தில் அதனை ஒளிப்பதிவுக் கருவி முடிவு செய்கிறது. பின்வரிசையில் இருப்பவர் காண இயலாத கண்ணீரைப் படம் காட்டும். ஆயினும் வீட்டில் எழும் கைதட்டல் நடிகரின் செவியை எட்டாது. எனவே ஒளிப்பதிவு அரங்கிற்கு மாற்று அன்று. அரங்கினுள் நுழைய இயலாதோர்க்குத் திறந்த வாயில்.

பயிற்சி

1. 'ஹாமில்டன்' படம் குறித்த காலத்திற்கு முன்பே வெளிவந்தது ஏன்?
2. அரங்கில் காண்பதற்கும் வீட்டில் காண்பதற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
3. நீவிர் கண்ட மேடை நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.