காதடிக் கட்டிக்கு எதற்கு மரபணு டெஸ்ட்?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். இடது காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி, வலியே கிடையாது. அம்மைக்கட்டு என்று நினைத்துப் பத்துப் போட்டோம். நாலு வருஷமாகியும் போகாததால் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் 'அசினிக் செல் அல்லது செக்ரீட்டரி கார்சினோமா, மரபணுப் பரிசோதனை தேவை' என்று வந்திருக்கிறது. மறுபடி கத்தி வைப்பார்களா? பிள்ளைகளுக்கும் வருமா? இங்குள்ள கம்பெனிப் புகைதான் காரணமா?
- ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: இந்த டெஸ்டுக்காகக் கத்தி வைக்க வேண்டியதில்லை, அம்மா. எடுத்த கட்டியை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து லேப்பில் பத்திரப்படுத்தியிருப்பார்கள். 'பிளாக்' என்பது அதுதான். அதிலிருந்து சில மைக்ரான் கனத்துக்குச் சீவி எடுத்தால் போதும்.

காதடியில் இருப்பது உமிழ்நீர்ச் சுரப்பி. அதில் வரும் புற்றுகளில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. மைக்ராஸ்கோப்பில் பல வகைகள் ஒன்றுபோலவே தெரியும். 2010 வரை செக்ரீட்டரி என்ற தனி வகையே இந்தச் சுரப்பிக்குக் கிடையாது. பெரும்பாலும் அசினிக் செல் கணக்கில்தான் எழுதினார்கள். அந்த ஆண்டு செக் நாட்டு மருத்துவர் அலெனா ஸ்காலோவாவின் குழு, 12ஆம் குரோமோசோமின் ஈடிவி6 மரபணு முறிந்து 15ஆம் குரோமோசோமின் என்டிஆர்கே3-யோடு ஒட்டிக்கொள்வதைக் காட்டி அதைப் பிரித்தது. அசினிக் செல்லில் இந்த ஒட்டு இருக்காது.

இரண்டுக்குமே முதல் சிகிச்சை ஆபரேஷன்தான். ஆனால் நோய் திரும்பினாலோ பரவினாலோ, இந்த ஒட்டு உள்ளவர்களுக்கு லாரோட்ரெக்டினிப் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்காவில் 2018-ல் அனுமதி பெற்ற மருந்து இது. அசினிக் செல்லுக்கு அது உதவாது. அதனால்தான் உங்கள் டாக்டர் சரியான பெயரை இப்போதே தெரிந்துகொள்ளப் பார்க்கிறார். அவர் கேட்டது நியாயமே.

செலவுதான் கவலை என்றால், முதலில் ஐஹெச்சி என்னும் சாயப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். எஸ்100, மாமகுளோபின் என்ற புரதங்கள் இரண்டும் சாயம் பிடித்து, டாக்1 பிடிக்காவிட்டால் முடிவு செக்ரீட்டரி பக்கம் சாயும். அதிலும் சந்தேகம் தீராவிட்டால், மரபணு முறிவைக் காட்டும் 'ஃபிஷ்' டெஸ்ட். காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பிளியோமார்ஃபிக் அடினோமா என்று, அதாவது சாதாரணக் கட்டி என்று, தெளிவாக ரிப்போர்ட் வந்தவர்கள் இதற்கெல்லாம் அலைய வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றிப் பயப்படாதீர்கள். இந்த மாற்றம் கட்டியின் செல்களில் மட்டும் நடந்தது, வழிவழியாக வருவதல்ல.

புகை விஷயத்தில் உங்கள் கோபம் புரிகிறது. 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெயும் அமோனியாவும் அடுத்தடுத்துக் கசிந்ததை யார் மறப்பார்? அந்தக் காற்றுக்காகப் போராடத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சுரப்பிப் புற்றுக்கு உறுதியாக நிரூபணமான காரணம் கதிர்வீச்சு. உங்கள் கணவரின் கட்டிக்குப் புகையைக் காரணமாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் ரிப்போர்ட் நகலோடு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். வெயிலில் வைத்தால் மெழுகு உருகிவிடும், கவனம். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனாலும், ரிப்போர்ட்டோடு பிளாக்கும் கையில் இருக்கட்டும்.