வெயில் விளைவிக்கும் வெண்மை

நுழையும்முன்

கோடை என்றதும் நிழலைத் தேடுவது மனித இயல்பு. ஆயின், வெயிலையே முதலாகக் கொண்டு வாழ்வோரும் உளர். அவர்களுடைய நாளையும் முதுமையையும் அறிவது, நம் உணவில் கலந்துள்ள உழைப்பை அறிவதாகும்.

விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் மரக்காணம். ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் கழுவேலி ஈரநிலம். ஆந்திரத்திலிருந்து கடலோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய் இவ்வூரின் அருகே முடிகிறது. உவர்நீரும் களிமண்ணும் கடற்காற்றும் ஒருங்கே வாய்த்த இந்நிலத்தில் உப்பளங்கள் நெடுந்தொலைவு பரந்து கிடக்கின்றன.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பின்னரே சமையலுப்பு படிகமாகத் தொடங்கும். எனவே, உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து மற்றொரு பாத்திக்குப் படிப்படியாக மாற்றிச் செறிவேற்றுவர். அதற்கு முன்னரே, பாத்தியின் தரையை நாள்கணக்கில் காலால் மிதித்து, நீர் கசியாதவாறு இறுக்க வேண்டும். நீர் செறிவடையும்போது உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகுவதால் அது செந்நிறம் கொள்வதும் உண்டு. படிந்த உப்பை நீண்ட பிடியுள்ள பலகையால் வாரி, வரப்பில் குவிப்பர்.

உப்பளத்தின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. வெயில் ஏறினால் தரை கொதிக்கும். வெண்படிகங்களில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசச் செய்யும். ஆதலால், கதிரவன் உச்சியை அடையுமுன் வேலையை முடிக்க விரைகின்றனர். பிறர் வெறுக்கும் கத்திரி வெயில் இவர்களுக்கு அறுவடைக் காலம். உழவர் மகிழ்ந்து வரவேற்கும் கோடைமழையோ, வாரக் காத்திருக்கும் உப்பை ஒரே இரவில் கரைத்துவிடும். ஒரே வானம் ஒருவருக்கு வரமாகவும் மற்றொருவருக்கு இழப்பாகவும் அமைவதை இங்குக் காணலாம்.

இத்தொழிலில் முதுமை மெல்ல வந்து சேர்கிறது. உவர்நீரில் ஊறிய பாதங்கள் தடித்து வெடிக்கின்றன. ஆண்டுக்கணக்கில் ஒளியை எதிர்கொண்ட கண்கள் மங்குகின்றன. குனிந்து நிமிர்ந்த முதுகு வளைகிறது. ஆனால், உடல் தளரும்போது அறிவு முதிர்கிறது. காற்றின் திசையை உணர்ந்து மழை வருமெனக் கூறுவதும், நீரின் நிறத்தைக் கண்டு அதன் செறிவை மதிப்பதும் நெடுநாள் உழைத்தோர்க்கே கைவரும். பலகை பிடிக்க இயலாத நாளிலும் அவர்களுடைய சொல்லுக்கு வரப்பில் மதிப்புண்டு.

மதிப்பு மட்டும் வயிற்றை நிரப்பிவிடாது. ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும், கூலியும் நின்றுவிடும். இதனை உணர்ந்தே தமிழ்நாடு அரசு, உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. எனினும், நாள்கூலியால் வாழ்ந்தவர், கை ஓய்ந்த பின் எதைக் கொண்டு வாழ்வது என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும், காலுக்குக் காப்புறையும், ஒதுங்குவதற்கு நிழலும், முதுமைக்கு ஓய்வூதியமும் இரக்கத்தால் தரப்படுவன அல்ல, உழைப்புக்கு உரியன.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது தமிழர் வழக்கு. சோறிட்டவரை அவ்வாறு நினைக்கும் நாம், அந்த உப்பை விளைவித்தவரை நினைப்பதில்லை. உணவில் உப்புக் குறைந்தால் உடனே அறிகிறோம். அளவாக இருந்தால் அதனை மறந்துவிடுகிறோம். உப்பளத்தில் முதுமை எய்தியோரின் வாழ்வும் அவ்வாறே மறக்கப்படுகிறது. அம்மறதியை நீக்குவதே நன்றியின் முதற்படி.

தெரிந்து தெளிவோம்

நல்லூர் நத்தத்தனார், ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊர் இடம்பெறுகிறது. இன்றைய மரக்காணமே அவ்வூர் என ஆய்வாளர் கருதுவர். உப்பு வணிகரைச் சங்க இலக்கியம் உமணர் என்கிறது. அவர்கள் நெடுவழிச் செல்லும் வண்டியில் சேம அச்சினையும் பிணைத்துச் சென்றதைப் புறநானூறு காட்டுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நெடுங்காலம் ஒரே தொழில் செய்த முதியவர் ஒருவரிடம் உரையாடி, அவர் பட்டறிவால் கற்றவற்றைத் தொகுத்து எழுதுக.
2. ‘மழை எல்லார்க்கும் நன்மையே’ – இக்கூற்றை உப்பளத் தொழிலோடு பொருத்தி வகுப்பறையில் கலந்துரையாடுக.