பாதி மலை வாங்குவது எப்படி

கண்டிப் பக்கத்துத் திகனயில் கொஞ்சம் மேட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலை, மறுபக்கம் விக்டோரியா நீர்த்தேக்கம். தலையைத் திருப்பினால் கண் முழுவதையும் பிடித்துவிடும். 1870களின் சாதாரணக் கெமராவால் அது முடியாது. கண்ணாடித் தட்டில் ஒரு துண்டு எடுத்து, முக்காலியின் மேல் கெமராவைச் சற்றுத் திருப்பி, அடுத்த தட்டில் அடுத்த துண்டு எடுக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று பிரதிகளின் ஓரத்தை வெட்டிப் பக்கத்தில் பக்கமாக அட்டையில் ஒட்டுவார்கள். அந்தக் காலத்துப் பனோரமா பெரும்பாலும் இப்படிப் பிறந்ததுதான்.

நூறு வருடத்தில் பசை விட்டுப்போகும். இல்லையென்றால், இரண்டாக விற்றால் இரண்டு காசு என்று வியாபாரி பிரித்துவிடுவார். ஆகவே இலங்கைப் பனோரமா சேர்ப்பவர் கையில் முதலில் சிக்குவது அநேகமாகப் பாதி மலையாகத்தான் இருக்கும். அதைப் பாதி என்று கண்டுகொள்வதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதல் பாடம்.

பணத்தை எடுக்குமுன் சில பெயர்களைப் பழகிக்கொள்ளுங்கள். ஜோசப் லோட்டன் 1860களில் கண்டியில் தொழில் செய்தவர். 1870-71இல் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா இடிபாடுகளைப் படமெடுத்தார். 1872இல் அவர் இறந்த பிறகு கண்டி ஸ்டூடியோவை நடத்தியவர் அவருடைய மனைவி. சார்ல்ஸ் ஸ்கோவன் 1870களின் நடுவில் கண்டியில் கடை போட்டார். டபிள்யூ. எல். எச். ஸ்கீன் கொம்பனியின் தலைமையிடம் கொழும்பு. 1891இல் கண்டியிலும் ஒரு கிளை திறந்தார்கள். பிளாட்டே கொம்பனி 1890இல் தொடங்கியது, பின்னர் தபாலட்டையில் கொடிகட்டிப் பறந்தது. இஸ்மத் ரஹீமும் பேர்சி கொலின்-தொமேயும் எழுதிய ‘இமேஜஸ் ஒஃப் பிரிட்டிஷ் சிலோன்’ நூல் கிடைத்தால் படத்துக்கு முன் அதை வாங்குங்கள்.

பெயரைப் பார்த்தவுடன் காலத்தை முடிவு கட்டிவிடக் கூடாது. ஸ்கோவனின் நெகட்டிவ்கள் 1890களில் கொலம்போ அப்போதிகரீஸ் கொம்பனியின் கைக்குப் போயின. எடுத்தது ஒரு காலம், அச்சிட்டது இன்னொரு காலமாக இருக்கலாம். படத்தின் கீழ்மூலையில் வெள்ளையாகத் தெரியும் எண்ணும் பெயரும் நெகட்டிவிலேயே மையால் எழுதப்பட்டவை. அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பாதியைத் தேடும்போது அதை அடுத்த எண்ணில் தேடிப் பார்க்கலாம்.

பாதியை எப்படி அறிவது? ஓரங்களைப் பாருங்கள். தனிப்படமாக எடுத்தவர் காட்சியை நடுவில் நிறுத்தி, இரு பக்கமும் ஒரு மரமாவது பாறையாவது வைத்து மூடியிருப்பார். பனோரமாவின் துண்டில் ரோட்டோ, தோட்ட லயத்தின் கூரையோ, ஏரிக்கரையோ ஓரத்தில் சட்டென்று அறுந்து நிற்கும். ஒரு பக்க விளிம்பு மட்டும் கத்தியால் நேர்த்தியாக நறுக்கப்பட்டு, மற்றது ஏனோதானோ என்றிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

இரண்டு பாதியும் கிடைத்து, அவை ஒரே படமா என்று பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. அந்தக் காலத்து ஈரத்தட்டு முறையில், தட்டில் மருந்து பூசி, அது காயுமுன் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்தில் கழுவியும் முடிக்க வேண்டும். அதற்குள் வெயில் நகர்ந்துவிடும். இடது தாளில் நிழல் ஒரு நீளம், வலது தாளில் கொஞ்சம் வேறு நீளம். ஒன்றில் நிற்கும் மாட்டுவண்டி மற்றதில் இல்லை. இது குறையல்ல, உண்மைப் படம் என்பதற்குச் சாட்சி. நிழலும் ஆட்களும் புகையும் ஒட்டுமிடத்தில் துளி பிசகாமல் பொருந்தினால், ஒரே படத்தை யாரோ பிற்பாடு வெட்டி அச்சிட்டிருக்கிறார்களா என்று யோசியுங்கள். வானம் வெறும் வெள்ளையாக இருப்பதற்கும் பயப்பட வேண்டாம். அந்தத் தட்டுக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதான்.

நீளச்சுருளாக வரும் படங்கள் வேறு சாதி. 1904க்குப் பின் வந்த சர்கட் கெமரா தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஒரே பிலிமில் முழுக்காட்சியையும் இழுத்துவிடும். அதில் நேரான ரோடு வில்லாக வளையும். பள்ளிக்கூடக் கூட்டப்படத்தில் ஒரு முனையில் நின்ற பையன் பின்பக்கமாக ஓடி மறுமுனையிலும் நின்றால், இரண்டு இடத்திலும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான்.

வாங்கப் போகும்போது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும், பணத்தாள் பரிசோதிக்கும் ஊதா டோர்ச்சும் பையில் இருக்கட்டும். லென்ஸில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது புத்தகத்திலிருந்து கிழித்த அச்சு. முட்டை வெள்ளைக்கரு பூசிய அல்புமின் தாள் மெல்லியது, அட்டையில் ஒட்டியிருக்கும். வெளிச்சப் பகுதிகள் மஞ்சள் பாரித்து, மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்பும் இருக்கலாம். ஊதா வெளிச்சத்தில் தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அநேகமாக 1950களுக்குப் பிந்திய தாள். பளிச்சிடாவிட்டால் மட்டும் பழையது என்று அர்த்தமில்லை, அதையும் மறக்க வேண்டாம்.

காலம் குறிக்கக் காட்சியே உதவும். கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். தலதா மாளிகையின் பொற்கூரை 1987க்கு உரியது. தோட்டப் படமென்றால் செடியைப் பாருங்கள்: கோப்பியைத் தின்ற இலைநோய் 1869இல் தென்பட்டது, அதன்பின் மெல்ல மெல்லத் தேயிலை ஏறியது. நம் தும்பறைப் பள்ளத்தாக்கில் கோப்பியோடு கொக்கோவும் உண்டு. அல்பத்தில் ‘தும்பறை’ என்று குறிப்பிருந்தால் நமது அயல்தான், விடாதீர்கள்.

விலை பேசும்போது ஒரு யோசனை. துரை பங்களாவும் புல்வெளியும் உள்ள பாதிக்குத்தான் போட்டி. லயமும் பிரட்டுக்களமும், கொழுந்துக்கூடையோடு நிற்கும் ஆட்களும் உள்ள பாதி சும்மா கிடக்கும். நான் அந்தப் பாதியைத்தான் முதலில் வாங்குவேன். அதில் நிற்பவர்களைப் புகைப்படக்காரர் விற்பனைக்காக நிறுத்தி வைத்தார் என்பது உண்மை. கீழே ‘கூலிகள்’ என்று எழுதியதோடு அவர் வேலை முடிந்தது. பெயர் எழுதவில்லை. ஆனாலும் நம் பாட்டன் பூட்டிகளின் முகம் வேறெங்கே கிடைக்கும்?

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் எதிரி மழைதான். லெமினேட் செய்யாதீர்கள், செலோடேப்பைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பிரிந்த பாதிகளை மறுபடி ஒட்டவும் வேண்டாம். ஒரே உறையில் பக்கத்தில் பக்கமாக வைத்தால் போதும். அமிலமற்ற தாள் அல்லது பொலியெஸ்டர் உறை, அலுமாரியில் சுவரை ஒட்டாத தட்டு, ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல். இராமபாணப் பூச்சிக்கு மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். சுருண்டு இறுகிய படத்தைக் கையால் விரித்தால் வெடித்துவிடும். பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள், அதுவரை சுருளாகவே இருக்கட்டும். 600 டிபிஐயில் துண்டு துண்டாக ஸ்கேன் செய்து கணினியில் இணைத்துக்கொண்டால் மூலத்தை அடிக்கடி தொட வேண்டியதில்லை. வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

இடத்தை உறுதிசெய்ய, அச்சிட்ட பிரதியோடு மலையடிக்குப் போங்கள். மரமும் கட்டடமும் மாறும். மலையின் விளிம்பு அப்படியே இருக்கும். பாறையின் வடிவத்தை வைத்து நிற்குமிடத்தைப் பிடிக்கலாம். திகன, தெல்தெனியப் பக்கப் படங்களில் மட்டும் கீழ்ப்பாதி ஏமாற்றும்: 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையால் பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. நீர் வற்றும் காலத்தில் அதன் இடிபாடுகள் தலைகாட்டும். பிரதியை எடுத்துக்கொண்டு அப்போது போங்கள். ஊரில் எழுபது எண்பது வயதுக்காரர் ஒருவரையும் கூட்டிப் போங்கள். அவர் காட்டும் கோயில், கடைத்தெரு, ஆற்றுத்துறை எல்லாவற்றையும் அங்கேயே பென்சிலால் உறையின் மேல் எழுதுங்கள். படத்தின் முதுகில் அல்ல.