கியர்பாக்ஸ் சூட்டுக்கும் ஒரு முள்: லாரியில் டெம்பரேச்சர் மீட்டர் பொருத்துவது எப்படி?

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எந்தத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றினாலும் லாரி மேடேறித்தான் இங்கே வர வேண்டும். சென்னைச் சரக்கு கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் மேட்டில் ஏறுகிறது. மங்களூருச் சரக்கு தேசிய நெடுஞ்சாலை 75-இல், குண்டியாவிலிருந்து சக்லேஷ்பூர் வரை சிராடி மலைப்பாதையில் சின்ன கியரிலேயே ஊர்ந்து வருகிறது. அப்போது இன்ஜின் சூட்டைக் காட்ட டாஷ்போர்டில் ஒரு முள் இருக்கிறது. கியர்பாக்ஸுக்குப் பல லாரிகளில் அது இல்லை. கியர்பாக்ஸ் சத்தம் போட ஆரம்பிக்கும்போது பேரிங் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். மீட்டர் இருந்தால் அதற்கு முன்பே நமக்குத் தெரியும்.

மேனுவல் கியர்பாக்ஸ் உள்ள லாரிக்கான முறை இது. ஆட்டோமேட்டிக், ஏஎம்டி வண்டிகளில் சென்சார் உள்ளேயே இருக்கக்கூடும். வாரண்டி முடியாத வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

வாங்க வேண்டியவை

ஜே.சி. ரோடு, கலாசிபாளையம் உதிரிபாகக் கடைகளில் எல்லாமே கிடைக்கும். மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

- மீட்டர் 24 வோல்ட்டாக இருக்க வேண்டும். கார் மீட்டர் 12 வோல்ட். லாரியில் மாட்டினால் எரிந்துவிடும்.
- அளவு 150 டிகிரி செல்சியஸ் வரை காட்ட வேண்டும்.
- மீட்டரும் சென்சாரும் ஒரே கம்பெனி ஜோடியாக இருக்க வேண்டும். சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும். அந்தக் குறைவை வைத்துத்தான் முள் நகர்கிறது. ஜோடி மாறினால் முள் பொய் சொல்லும்.

இவற்றோடு 3 ஆம்பியர் பியூஸ், வயர், அதை மூடும் குழாய், புது பேக்கிங், மரைக்குப் பூசும் சீலன்ட், கியர் ஆயில் ஆகியவையும் தேவை.

படி 1: வெந்நீர்ச் சோதனை

பொருத்தும் முன் சோதித்துவிடுங்கள். மீட்டருக்கு 24 வோல்ட் கொடுத்து, அதன் சென்சார் முனையிலிருந்து ஒரு வயரை சென்சார் பின்னில் மாட்டுங்கள். சென்சார் உடம்பிலிருந்து இன்னொரு வயரை பேட்டரி நெகட்டிவுக்குக் கொடுங்கள். சென்சார் நுனியைக் கொதிக்கும் நீரில் பிடித்தால் முள் மெல்ல ஏறி 97-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 100 காட்டவில்லையே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெங்களூரு உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

படி 2: இடம் பார்த்தல்

பலர் டிரெயின் பிளக்கைக் கழற்றிவிட்டு அங்கேயே சென்சாரை மாட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த பிளக்கில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். இரும்புத் தூளைப் பிடித்து வைப்பது அதுதான். மேலும், அடியில் தொங்கும் சென்சாரை ஒரு வேகத்தடை போதும், உடைத்துவிடும்.

நல்ல இடம் பிடிஓ மூடித் தகடு. டிப்பர்களில் ஹைட்ராலிக் பம்பு ஏறும் வாயை மற்ற லாரிகளில் ஒரு தகடு போட்டு மூடியிருப்பார்கள். துளை, ஆயில் லெவல் பிளக்கைவிடக் கீழே வர வேண்டும். சென்சார் நுனி ஆயிலில் முழுகாவிட்டால் அது காற்றின் சூட்டைத்தான் காட்டும்.

படி 3: ஆயில் இறக்கித் தகடு கழற்றுதல்

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டில் ஆயிலை இறக்குங்கள். காந்தத்தை விரலால் தடவிப் பாருங்கள். மாவு போன்ற கரும்பசை இயல்பானது. நகக்கண் அளவில் சில்லு வந்தால் மீட்டர் வேலையை நிறுத்திவிட்டு கியர்பாக்ஸைத் திறக்க வேண்டும்.

படி 4: துளையும் மரையும்

கியர்பாக்ஸ் உடம்பில் ஒருபோதும் டிரில் வைக்காதீர்கள். தகட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், சென்சார் மரையைக் காட்டி அதே டேப் அடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 1/8 அங்குல டேப்பர் மரையாக இருக்கும். தகடு மெல்லியதென்றால் ஒரு காலரைப் பற்றவைத்து அதில் மரை போட வேண்டும். தகட்டுக்குப் பின்னாலேயே கியர் சுற்றுகிறது. அதனால் துளை கீழ் மூலையில், கியரின் நேருக்கு வராமல் இருக்கட்டும். இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்த பிறகே துளை. டேப் அடித்த இரும்புத் தூளை டீசலில் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவுங்கள்.

படி 5: பொருத்துதல்

புது பேக்கிங் வைத்துத் தகட்டை மாட்டுங்கள். ஒற்றைப் பின் சென்சாருக்கு எர்த் கிடைப்பது அதன் மரை வழியாகத்தான். எனவே டெஃப்லான் டேப்பைச் சுற்றாமல் சீலன்டை லேசாகப் பூசுங்கள். டேப்பர் மரை தானாகவே இறுகும். பலங்கொண்டு முறுக்கினால் சென்சார் உடையும்.

படி 6: வயரிங்

மீட்டரில் மூன்று இணைப்புகள்: இக்னிஷனிலிருந்து பியூஸ் வழியாகக் கரண்ட், பெயின்ட் சுரண்டிய இரும்பில் எர்த், சென்சாருக்கு ஒரு வயர். சைலன்ஸர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம் வயர் போகக் கூடாது. கேபின் சாயும் இடத்தில் தாராளமாக ஒரு வளையம் விடுங்கள். இல்லாவிட்டால் முதல்முறை கேபினைத் தூக்கும்போதே வயர் அறுந்துவிடும்.

பேட்டரியை மாட்டி, இக்னிஷன் போட்டுச் சோதியுங்கள். சென்சார் வயரைக் கழற்றினால் முள் அடியில் விழ வேண்டும். அதே வயரை எர்த்தில் ஒரு நொடி தொட்டால் உச்சிக்குப் போக வேண்டும்.

படி 7: ஆயிலும் முதல் பயணமும்

வண்டி மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலை லெவல் பிளக் வாய் வரை ஊற்றுங்கள். குறைந்தாலும் சூடு, கூடினாலும் சூடு. கூடுதல் ஆயிலைக் கியர் அடித்து நுரையாக்கிவிடும். 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் தகட்டோரம் கசிகிறதா பாருங்கள்.

முள்ளை வாசிப்பது

சமதளத்தில் சுமையோடு ஓடும்போது முள் பொதுவாக 80, 90 பக்கம் நிற்கும். மலையேற்றத்தில் 100-ஐத் தாண்டலாம். 120-ஐ நெருங்கினால் ஓரம் கட்டி ஆறவிட்டு, ஆயில் அளவைப் பாருங்கள்.

இந்த எண்களைவிட முக்கியம் உங்கள் வண்டியின் வழக்கமான எண். முதல் மாதம் ஒவ்வொரு டிரிப்பிலும் மேடு முடியும் இடத்தில் முள் எங்கே நின்றது என்று டிரிப் நோட்டில் சுமையோடு சேர்த்துக் குறியுங்கள். சக்லேஷ்பூரில் எப்போதும் 98 காட்டிய வண்டி, அதே சுமைக்கு ஒருநாள் 110 காட்டினால் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். அன்றே பார்த்தால் ஒரு சீலோடும் சில லிட்டர் ஆயிலோடும் வேலை முடியக்கூடும்.