ரிசர்வ் பாராசூட் லூப்: கவனிக்க ஐந்து

1. ரிசர்வை உரிமம் பெற்ற ரிக்கரிடமே மடிக்கக் கொடுங்கள். அமெரிக்காவில் 180 நாளுக்கொரு முறை இது கட்டாயம்.

2. ரிசர்வ் பையை மூடிப் பிடிக்கும் சிறு கயிற்று வளையம்தான் லூப். ஒவ்வொரு முறையும் புது லூப் போடச் சொல்லுங்கள். ஒரு இழை பிரிந்தாலும் வலு குறையும்.

3. லூப்பின் நீளத்தைத் தயாரிப்பாளர் கையேட்டின்படியே வையுங்கள். நீண்டால் லூப்பில் செருகும் பின் (ஊசி) தளரும். குறைந்தால் கைப்பிடியை இழுப்பது கடினம்.

4. லூப் நுழைந்து வரும் உலோக வளையத்தின் உள்விளிம்பைப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே பிசிர் இருக்கிறது. அது லூப்பை அறுக்கும்.

5. பின்னைச் செருகியதும், லூப்பை மேலே இழுக்கப் பயன்படுத்திய இழுகயிற்றைப் பின்னுக்கு அடியில் கொடுத்து மெதுவாக உருவுங்கள். வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் லூப் கருகும்.